ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் கட்டாயமா?

கேள்வி: திருமங்கலம் ஆப்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் பி.ஆப்டம் (கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் சொல்லும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்கான பட்டப் படிப்பு) படித்தவள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சில ஆண்டுகள் ரிஃப்ராக்‌ஷன் பிரிவில் இருந்துவிட்டு, பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டேன். இளையவனும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால், இப்போது திருமங்கலத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் மறுபடியும் பரிசோதனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இனி ஒவ்வோர் ஆப்டோமெட்ரிஸ்ட்டும் ஆண்டுதோறும், வேலையில் இருந்துகொண்டே படித்ததற்கான தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்டினால்தான் பதிவு கிடைக்கும் என்றும், 3,500 ரூபாய் கட்டி இரண்டு நாள் இணைய வகுப்பில் சேர்ந்தால் அந்த ஆண்டுக்கான புள்ளிகள் முழுவதும் ஒரே சான்றிதழில் வந்துவிடும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கடை முதலாளி, "கட்டிவிடும்மா, பிறகு பிரச்சினை வரக் கூடாது" என்கிறார். வீட்டுக்காரரோ, "புள்ளி கொடுக்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டாக்டர்களுக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பது தெரியும். மாநாட்டுக்குப் போய்வந்த டாக்டர்கள் சான்றிதழை ஃபைலில் கோத்து வைப்பதை மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். நமக்கும் அப்படி ஒன்று வந்துவிட்டதா? வரவில்லை என்றால், இத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பியிருக்கும் என்னைப் போன்றவர்கள் எதைப் படிப்பது, அதை எப்படிச் சான்றாக வைத்துக்கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கல்லூரி வாத்தியார்

சகோதரிக்கு வணக்கம். பணத்தைக் கட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தொழிலுக்கென்று சட்டப்பூர்வமான பதிவேடு இந்த நாட்டில் நெடுங்காலம் இருக்கவில்லை. சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-இல் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கி எத்தனையோ பேர் பட்டம் பெற்று வெளியே வந்த பிறகும், பட்டம் பெற்றவருக்கும் கடையில் ஆறு மாதம் லென்ஸ் உரசிவிட்டு 'கண் பரிசோதகர்' என்று பலகை மாட்டிக்கொண்டவருக்கும் வேறுபாடு சொல்லச் சட்டம் இல்லை. பதிவு செய்தவை எல்லாம் தன்னார்வ அமைப்புகள்தாம். அவற்றின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை கொடுத்த புள்ளிகளுக்குச் சட்டத்தின் பலம் கிடையாது.

2021 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணை மற்றும் சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டம்தான் இந்த நிலையை மாற்றியது. அதன் அட்டவணையில் கண் அறிவியல் தொழிலர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர், விஷன் டெக்னீஷியன் ஆகியோர் அதற்குள் வருகிறார்கள். குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட, மூன்று முதல் ஆறு ஆண்டுவரையிலான பட்டப் படிப்பை முடித்தவர் சுகாதாரத் தொழிலர். 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ பெற்றவர் இணைத் தொழிலர் என்று சட்டம் பிரிக்கிறது. மத்தியப் பதிவேடு ஒன்று, மாநிலப் பதிவேடு ஒன்று என இரண்டையும் அது பேசுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆணையம் தரம் வகுக்க வேண்டிய விஷயங்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் பாடத்திட்டம், தேர்வு, பயிற்சி, ஆராய்ச்சி ஆகியவற்றோடு தொடர் தொழிற்கல்வியும் இருக்கிறது. ஆகவே அது சட்டத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கு இத்தனை மணி, இத்தனை புள்ளி என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை; அந்தக் கணக்கை விதிமுறைகள்தாம் சொல்ல வேண்டும். '2021 சட்டப்படி இத்தனை புள்ளி' என்று ஒருவர் சொன்னால், எந்த விதி, எந்த அரசிதழ் அறிவிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: பதிவேட்டில் பெயரே ஏறாத ஒருவர் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிய புள்ளியை எந்தக் கணக்கில் வரவு வைப்பார்கள்?

பதிவு தொடர்பாக, இந்தச் சட்டத்தின்படி அமையும் மாநிலக் கவுன்சில் என்ன அறிவிக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்று, பழைய மருத்துவமனையின் பணி அனுபவக் கடிதம் ஆகியவற்றை இப்போதே ஒன்றாக எடுத்து வையுங்கள். நிர்வாகம் மாறிய பிறகு அனுபவக் கடிதம் கேட்டு அலைவதற்கு 3,500 ரூபாயைவிடக் கூடுதலாகவே செலவாகும்.

பதில்: கே.கே. நகர் கண் டாக்டர்

வாத்தியார் சொன்னதோடு உடன்படுகிறேன். டாக்டர்களின் கணக்கைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாட்ஸ்அப் செய்தி அதைப் பார்த்து எழுதியதுபோல்தான் தெரிகிறது.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், ஒரு மருத்துவர் ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதம் 23-ஆம் தேதி அவற்றை நிறுத்திவைத்து, பழைய விதிகளையே மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எங்கள் நிகழ்ச்சிகளுக்கு மாநில மருத்துவக் கவுன்சில் ஒப்புதல் அளித்து ஒதுக்கும் மணிகள் டாக்டர்களின் பதிவுக்கு உரியவை. அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட் வந்தால் தாராளமாக உட்கார்ந்து கேட்கலாம், வருகைச் சான்றும் வாங்கலாம். கவுன்சிலின் மணிக்கணக்கு அவருக்குப் பொருந்தாது.

இந்த 30 மணி நேரத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாண்டுக்கு 30 என்றால் ஆண்டுக்கு ஆறு மணி நேரம், அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நான் ஓர் ஆண்டில் நிற்கும் நேரம் அதைவிட அதிகம். கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் அலைபேசியோடு நிற்பவருக்கும் அதே மணிதான் கிடைக்கிறது.

ஆனால் படிக்காமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு உங்கள் அறைக்கே வரும் ஓர் உதாரணம் தருகிறேன். கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும் பிள்ளையை அழைத்து வரும் தாய், "ஏதோ சொட்டு மருந்து விட்டால் பவர் ஏறாதாமே?" என்று கேட்பார். நீங்கள் வேலையை விட்ட காலத்தில் 0.01 சதவீத அட்ரோபின் சொட்டு என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். 2019-இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வில், ஒப்பிடப்பட்ட அளவுகளில் 0.05 சதவீதமே நன்றாக வேலை செய்தது. 2023-இல் வந்த அமெரிக்கக் குழந்தைகள் கண் ஆய்வில் 0.01 சதவீதம் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் மேலாக ஒன்றும் செய்யவில்லை. மருந்து எழுதுவது உங்கள் வேலையில்லை, எங்கள் வேலை. இருந்தாலும் தாய் முதலில் கேட்பது உங்களிடம்தான். அங்கே பழைய பதில் கிடைத்தால், அவர் எங்களிடம் வந்து சேருவதற்குள் ஓராண்டு ஓடிவிடும்.

பதில்: சோழவந்தான் பக்கம்

வணக்கம். நான் பட்டதாரி இல்லை. இரண்டாண்டுப் பட்டயம் படித்த கண் மருத்துவ உதவியாளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். டாக்டர் ஐயா அட்ரோபின் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கத்து விஷயம் வேறு.

நடவு முடிந்து களை எடுக்கும் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் கண்ணில் நெல் தாள் குத்தியது, உமி விழுந்தது என்று வருவார்கள். வந்த அன்றே வருபவர் குறைவு. முதலில் வீட்டு வைத்தியம், அடுத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு, அதற்கும் அடங்காவிட்டால்தான் நாங்கள். அந்தச் சொட்டுப் புட்டியை மறுநாள் கட்டாயம் எடுத்துவரச் சொல்லுவேன். லேபிளில் 'டெக்ஸா' என்று தொடங்கும் பெயர் இருந்தால் வயிறு கலங்கும், ஏனென்றால் பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் எரிச்சல் குறைந்ததுபோல் தெரியும், உள்ளே புண் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும். கருவிழியில் சாம்பல் நிறத்தில், ஓரம் பிசிறடித்து, மேலே உலர்ந்து சற்று மேடிட்டதுபோல் வெண்மை தெரிந்தால், ஃப்ளோரசீன் சாயம் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிடுவேன். அங்கே சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புள்ளி தரும் வகுப்பு எதுவும் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பூஞ்சைப் புண் ஆய்வு 2013-இல் வெளியானபோது, எங்கள் மாவட்டக் கூட்டத்தில் ஒரு டாக்டர் அதைத் தமிழில் அரை மணி நேரம் விளக்கினார். 323 நோயாளிகள். விலை கூடிய புதிய வோரிகோனசோல் சொட்டைவிடப் பழைய நேடமைசினே நன்றாகக் கேட்டது, குறிப்பாக நம் வயல்வெளிகளில் அதிகம் காணும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில். வோரிகோனசோல் விட்டவர்களில் கருவிழி ஓட்டையாகிப் போவதும் கருவிழி மாற்று தேவைப்படுவதும் கூடுதல். நம் ஊர்க்காரர்களின் கண்களை வைத்து மதுரையிலும் நடந்த ஆய்வு, உலகம் முழுவதும் சிகிச்சையைத் தீர்மானித்தது; பக்கத்து ஊரில் இருக்கும் எங்களுக்கு அந்த ஒரு கூட்டம் நடக்காதிருந்தால் தெரிந்திருக்காது.

எங்கள் குறை இதுதான். தொடர்கல்வி என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவை ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆர்பிஸ் அமைப்பின் சைபர்சைட் தளத்தில் இலவசமாகப் பாடங்கள் இருக்கின்றன, நல்ல பாடங்கள். நானும் தட்டுத்தடுமாறிச் சிலவற்றை முடித்தேன். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு நாளைக்கே கட்டாயம் என்று விதி வந்தால், புரியாத வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்குவதுதான் நடக்கும். புள்ளி எத்தனை என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த மொழியில் என்பதை முடிவு செய்யட்டும்.

பதில்: மேலூரிலிருந்து லெஸ்டர்

நான் மேலூர்க்காரன், இங்கிலாந்தில் ஆப்டோமெட்ரிஸ்ட்டாக இருக்கிறேன். கட்டாயம் என்ற ஒன்று முழுமையாக நடைமுறையில் இருக்கும் இடத்தில் அது எப்படி இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

இங்கே ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் ஜெனரல் ஆப்டிகல் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் பரிசோதனை அறைக்குள் உட்கார முடியாது. மூன்றாண்டு ஒரு சுற்று; இப்போது நடப்பது 2025 ஜனவரி முதல் 2027 டிசம்பர்வரை. அந்தச் சுற்றுக்குள் 36 புள்ளிகள் சேர வேண்டும், அவற்றில் குறைந்தது 18 பிறரோடு கலந்து பேசிப் படித்தவையாக இருக்க வேண்டும். மருந்து எழுதும் கூடுதல் தகுதி உள்ளவர்களுக்கு இன்னும் 18. மருத்துவத் திறன் மட்டும் போதாது. தொழில் நெறி, நோயாளியோடு பேசும் முறை, பொறுப்பும் தலைமையும் ஆகியவற்றிலும் புள்ளி வேண்டும். கணக்கு முடியாதவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

புள்ளிகளைவிட எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. சுற்றின் தொடக்கத்தில், என் வேலைக்கு எது தேவை என்று நானே ஒரு திட்டம் எழுதிவைக்க வேண்டும். பிறகு, சக தொழிலர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து, பெயரை மறைத்துத் தங்கள் நோயாளிகளின் விவரங்களை வைத்து விவாதிக்கும் கூட்டம் ஒன்றிலாவது கலந்துகொள்ள வேண்டும். அந்தக் கூட்டங்களில் யாரும் வராந்தாவுக்குப் போய்விட முடியாது, ஏனென்றால் அடுத்து அவர் முறை வரும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக்குப் போகும் எண்ணத்தில் சிலர் ஊரில் சான்றிதழ்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே வாங்கியவை இங்கே புள்ளியாக மாறா. புள்ளிக்கணக்கு, பதிவேட்டில் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முன் பார்ப்பது அடிப்படைப் படிப்பையும் தேர்வையும்தான்.

மறுமொழி: திருமங்கலம் ஆப்டம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. எந்த அரசிதழ் அறிவிப்பு என்று அந்த எண்ணுக்குக் கேட்டு அனுப்பினேன். "சீட் குறைவாகவே உள்ளது, இன்றைக்குள் கட்டினால் 500 தள்ளுபடி" என்று பதில் வந்தது. கட்டப்போவதில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். வரும் ஞாயிறு ஒரு லென்ஸ் நிறுவனம் மதுரையில் ஓட்டலில் கூட்டம் நடத்துகிறது, முதலாளி என்னைப் போகச் சொல்கிறார். அதைத் தொடர்கல்வி என்று குறித்துக்கொள்ளலாமா? இரண்டாவது, எங்கள் கடையில் பவரைத் தானே அளந்து சொல்லும் ஆட்டோரிஃப்ராக்டர் இயந்திரம் இருப்பதால், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி நிழலின் ஓட்டத்தை வைத்துப் பவரைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப்பியே செய்வதில்லை. எனக்கும் கை மறந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கே.கே. நகர் கண் டாக்டர்

கூட்டத்துக்குப் போங்கள், பிரியாணி நன்றாக இருக்கும். தொடர்கல்வி என்று குறிக்காதீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக அந்த நிறுவனம் விற்கும் புரோகிரெசிவ் லென்ஸை எந்த நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நிறுத்திவைக்கப்பட்ட 2023 விதிகளில் மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளுக்கு மருத்துவர்கள் போகக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. அது நடைமுறைக்கு வராமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

பதில்: கல்லூரி வாத்தியார்

டாக்டர் அவர்கள் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. கண்ணாடிக் கடையில் இருக்கும் ஒருவருக்கு ஃபிட்டிங் உயரம் எடுப்பது, ஃபிரேமின் சாய்வையும் முகவளைவையும் அளப்பது ஆகியவற்றைக் கருவியோடு கற்றுத்தருவது இன்றைக்கு அந்த நிறுவனங்கள்தாம். எங்கள் கல்லூரிகளே அதில் பின்தங்கியிருக்கின்றன. ஆகவே குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் யார் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சாதாரண நோட்டு போதும்: தேதி, தலைப்பு, நடத்தியவர், எத்தனை மணி நேரம், அதன் பிறகு உங்கள் அறையில் எதை மாற்றினீர்கள். அந்தக் கடைசி விவரத்தை எழுத முடியாத கூட்டத்துக்கு அடுத்த முறை போக வேண்டாம். நாளைக்கு விதி எந்த வடிவில் வந்தாலும் இந்த நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ரெட்டினோஸ்கோப்பியைப் பற்றி. உங்கள் கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளில் தொடங்குங்கள். அலைபேசியிலேயே கண்ணை வைத்திருக்கும் பிள்ளை, இயந்திரத்துக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கிக் குவித்துவிடும். ஆட்டோரிஃப்ராக்டர், கிட்டப்பார்வை இருப்பதுபோல் மைனஸ் ஒன்று, ஒன்றரை என்று அச்சடித்துத் தரும். அதே பிள்ளைக்குச் சொட்டு விட்டுக் கண்ணின் குவிப்பைத் தளர்த்திப் பார்த்தால் மைனஸ் மறைந்து பிளஸ்கூட வரும். ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழலின் ஓட்டம் மாறி மாறி வருவதைக் காணலாம். அப்படி ஆடுகிற கண்ணுக்குக் கண்ணாடி எழுதாமல், சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் ரெட்டினோஸ்கோப், அதைக் குறித்துவைத்த பிறகு இயந்திரம். இரண்டும் எங்கே விலகுகின்றன என்று நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். முதலாளி நேரமாகிறது என்பார். முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும்.

லெஸ்டர் தம்பி சொன்ன சக தொழிலர் கூட்டத்தை இங்கேயே செய்யலாம் என்று தோன்றுகிறது. எங்கள் கல்லூரியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் வகுப்பறை ஒன்று காலியாக இருக்கும். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, புள்ளியும் இல்லை.

பதில்: சோழவந்தான் பக்கம்

நான் வருகிறேன் ஐயா. அறுப்புக் காலத்தில் பார்த்த புண்களின் படங்கள் அலைபேசியில் இருக்கின்றன. முகம் தெரியாமல் வெட்டிக் கொண்டுவருகிறேன். இன்னொரு வேண்டுகோள். எங்களிடம் கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கும் கோல்ட்மேன் பிரஷர் கருவி இருக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் கம்பி பெட்டியோடேயே வந்தது, இதுவரை யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. அதைக் கொண்டுவந்தால் சொல்லித்தர முடியுமா?

பதில்: கல்லூரி வாத்தியார்

கருவியையும் கம்பியையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். அதைப் பொருத்தும் ஸ்லிட் லேம்ப் நுண்ணோக்கி இங்கே இருக்கிறது. கம்பியில் பூஜ்யம், 20, 60 ஆகிய மூன்று நிலைகளுக்குக் கோடுகள் இருக்கும். கம்பியை 20-க்கு உரிய கோட்டில் வைத்துவிட்டு, அளவு எழுதிய உருளையை (அதில் இரண்டு என்பது 20-ஐக் குறிக்கும்) இரண்டுக்குச் சற்றுக் கீழேயிருந்து மெல்லத் திருப்பினால், இரண்டை ஒட்டிய இடத்தில் பிரிசம் தாங்கி முன்னால் சாய வேண்டும். தள்ளிப்போய்ச் சாய்ந்தால், அந்தக் கருவி எழுதித் தந்த பிரஷர் எண்கள் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதுதான். திருமங்கலத்திலிருந்து வருபவர் ரெட்டினோஸ்கோப்பைச் சார்ஜ் போட்டு எடுத்துவரட்டும். கல்லூரியில் இருப்பவை மாணவர்கள் கையில் படாதபாடு பட்டவை.